நீர் நிறைந்த பாலை

மலேசியத் தமிழ்ப் பயணக் கட்டுரைக்கு ஓர் அச்சு உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு வண்டி கிளம்பும். கோலகங்சாரில் ரொட்டி சானாய். அப்புறம் பனிமூட்டம். மூன்றாம் பத்திக்குள் 'இயற்கை அன்னையின் மடி' வந்துவிடும். கடைசியில் மனம் திரும்ப மறுக்கும். திங்கட்கிழமை வேலை இருப்பதால் உடம்பு மட்டும் திரும்பிவிடும். பேராக்கின் வடகோடியில் இருக்கும் தெமெங்கோர் ஏரிக்குப் போய்வந்தவர்கள் எழுதியவற்றில் கண்ணில் பட்டதையெல்லாம் இரண்டு வருஷமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். நானும் இரண்டு முறை அங்கே தூண்டில்காரர்கள் தங்கும் ஒரு மர விடுதியில் தங்கினேன். ஒருமுறை ஆபீஸ் நண்பர்களோடு, ஒருமுறை மாமாவோடு. விடுதியையும் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே பிரதியின் இரண்டு பதிப்புகள் என்று தோன்றியது. விடுதி மரத்தால் சொல்லும் பொய்யைக் கட்டுரைகள் சொல்லால் சொல்கின்றன.

பொய் என்பது கொஞ்சம் கடுமையான சொல்தான். இருக்கட்டும்.

முதலில் விடுதி. கிரிக் பட்டணத்தைத் தாண்டி கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் போனால் பண்டிங் வரும். அங்கே ஜெட்டியில் காரைப் போட்டுவிட்டுப் படகில் முக்கால் மணி நேரம். கரையில் ஏழெட்டு அறைகள், பலகைச் சுவர், தகரக் கூரை, கொசுவலை. பொதுக் குளியலறை இரண்டு. அறைக்கு வெளியே திண்ணை மாதிரி ஓர் இடம், அங்கே தூண்டில் கழிகளைச் சாத்திவைக்க வரிசையாகத் துளையிட்ட கட்டை. சாப்பாட்டு இடத்தின் சுவர் முழுக்கப் படங்கள்: தோமானை இரண்டு கையிலும் குழந்தை மாதிரி ஏந்தி நிற்கும் ஆண்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் பினாங்கு, கேஎல், சிங்கப்பூர். ரோடு, ரீல், லூர் என்று ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டியில் இருக்கிற சாமானின் விலையில் புந்தோங்கில் ஒரு குடும்பம் மூணு மாசம் ஓட்டலாம். ஜென்செட் இரவு ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்து பன்னிரண்டுக்கு நின்றுவிடும். அதன்பிறகு தவளைச் சத்தமும் குறட்டையும்தான்.

இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் விளம்பரத்தில் ஒரே சொல்: ரஸ்டிக்.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். 'நாட்டுப்புறத்தன்மை கொண்ட' என்றால் அகராதி வாசனை அடிக்கிறது. என் மாமா ஒரே நொடியில் மொழிபெயர்த்துவிட்டார். அறைக்குள் நுழைந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மேலே தகரத்தைப் பார்த்து, "டேய், இது நம்ம லயம்டா. லயத்துல படுக்கவா நானூறு வெள்ளி கட்டின?" என்றார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அங்கேயும் பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசை வீட்டுக்குப் பொதுக் கக்கூசு. அங்கேயும் தோட்டத்து ஜெனரேட்டர்தான், சாயங்காலம் ஓடி இரவு நின்றுவிடும்; அதற்குள் பிள்ளைகள் பாடம் எழுதி முடிக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து வெளியேறுவதற்காக அவர் தலைமுறை பட்ட பாடு ஒரு பெரிய கதை. அதே வீட்டுக்கு நான் ஆன்லைனில் புக்கிங் செய்து கூட்டிப்போயிருக்கிறேன்.

இதை நகைச்சுவையாக மட்டும் விட்டுவிட முடியவில்லை. வசதியின்மை எப்போது அழகாகிறது? அதைவிட்டு எழுந்து போக முடிகிறபோது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படகு வந்து கூட்டிப்போய்விடும் என்று தெரிந்தால் கொசுவலைகூட அழகுதான். லயத்துக்குப் படகு வராது. நம் பயணக் கட்டுரைகளில் 'எளிமையான மர வீடு', 'நவீன வசதிகளின் இரைச்சல் இல்லாத அமைதி' என்றெல்லாம் எழுதுகிறவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லது தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். சிறுகதை எழுத உட்கார்ந்தால் அதே தகரக் கூரையை ஒழுகவிட்டு நம்மை அழவைப்பார்கள். பயணக் கட்டுரைக்கு வந்ததும் அந்தக் கூரை 'பாரம்பரியம்' ஆகிவிடுகிறது. ஒரே ஆளின் கை, இரண்டு கூரை. விமர்சகன் நிற்கவேண்டிய இடம் அந்த இடைவெளி.

நான் மின் பொறியியல் படித்தவன். எனக்கு ஜென்செட் சத்தம் வேறு மாதிரி உறுத்தியது. அந்த ஏரி எதற்காக இருக்கிறது? மின்சாரத்துக்காக. தெமெங்கோர் அணை 1970-களில் கட்டியது, 127 மீட்டர் உயரம், நான்கு சுழலிகள், மொத்தம் 348 மெகாவாட். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என்று படிக்கட்டு மாதிரி நாலு அணை. கடைசியில் இருக்கும் செண்டேரோதான் வயதில் மூத்தது. 1930 வாக்கில் மின்சாரம் தர ஆரம்பித்தது, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக. நாடு முழுக்கத் தேவை ஏறும் நேரத்தில் இந்த அணைகளின் சுழலிகளைத் திறப்பார்கள். அந்த ஏரியின் கரையில் தங்குகிறவன் டீசல் ஜென்செட்டில் போனை சார்ஜ் செய்கிறான். 'இயற்கையோடு ஒன்றிய வாழ்க்கை' என்று எழுதுகிறவர் காதில் அந்த டீசல் இன்ஜின் எப்படி விழாமல் போகிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

பெரிய பொய் அதுவல்ல. 130 மில்லியன் ஆண்டு என்ற எண்தான். இந்தக் காடு உலகின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று, அமேசானைவிடப் பழையது என்று சுற்றுலாப் பலகைகள் சொல்லும். கட்டுரைகள் அதை அப்படியே எடுத்து, படகில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே '130 மில்லியன் ஆண்டுகளாக மனிதக் காலடி படாத கன்னி நிலம்' என்று எழுதும். காட்டுக்கு அந்த வயது இருக்கலாம். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும் ஏரி என் அப்பாவைவிட இளையது. ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அந்தப் பரப்பில் இருந்த பள்ளத்தாக்கு, ஓடைகள், மரங்கள், பழத்தோப்புகள், புதைகுழிகள் எல்லாம் உள்ளே கிடக்கின்றன. மனிதக் காலடி படாதது என்பது இன்னும் மோசம். ஜஹாய், டெமியார் மக்கள் வாழ்ந்த நிலம் அது. அணை வந்தபோது அவர்களில் பலரை இடம்பெயர்த்து நெடுஞ்சாலை ஓரத்தில் ஆயர் பானுன் மறுகுடியேற்றத் திட்டத்தில் வைத்தார்கள். 1982-இல் திறந்த அந்த நெடுஞ்சாலைதான் இன்று நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வடக்கே ரோயல் பெலும் பகுதியை 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள், 117,500 ஹெக்டேர். தெற்கே தெமெங்கோர் காப்புக்காட்டில் மரம் வெட்டும் வேலை தொடர்ந்து நடந்திருக்கிறது. வரும் வழியில் எதிரே மர லாரியைப் பார்க்காதவர் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

படகில் போகும்போது முதலில் கண்ணில் படுவது செத்த மரங்கள். நீரிலிருந்து வெள்ளை வெள்ளையாக எலும்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். நீருக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் அடிமரம் சீக்கிரம் மக்காது. நீரும் காற்றும் மாறி மாறித் தொடும் கோட்டில்தான் இற்றுப்போய் முறியும். ஆகவே உள்ளே இன்னும் எவ்வளவோ நிற்கிறது. மரத்துக்கு மரம் உச்சியில் ஒரு மீன்பிடிக் கழுகு இருந்தாலும் இருக்கும். இலை கிடையாது, நிழல் கிடையாது. மத்தியானத்தில் நீர்ப்பரப்பு வெயிலைத் திருப்பி அடிக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. முதல்முறை போனபோதே பாலை என்ற சொல் மனசில் வந்தது. வந்ததும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் பாலையா?

ஆனால் தமிழில் பாலை என்பது மணல் அல்ல. பள்ளியில் ஐந்திணையை மனப்பாடம் செய்யும்போது 'மணலும் மணல் சார்ந்த இடமும்' என்று சொல்லிக்கொடுத்து அதைக் கெடுத்துவிட்டார்கள். மற்ற நாலு திணைக்கும் நிலம் தந்த தொல்காப்பியம் பாலைக்கு நிலம் தரவில்லை. சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் சொல்லும் விளக்கம்தான் கூர்மையானது: முல்லையும் குறிஞ்சியும் தம் முறை திரிந்து, நல்ல இயல்பை இழந்து, துயரம் தரும் ஒரு வடிவம் கொள்கின்றன, அந்த வடிவத்தின் பெயர் பாலை. அதாவது பாலை ஒரு இடம் அல்ல, ஓர் இடத்துக்கு நேர்ந்தது. அதன் உரிப்பொருள் பிரிவு. பட்டுப்போன மரங்களும் பருந்தும் கழுகும் அதன் கருப்பொருள். இப்படிப் பார்த்தால் தெமெங்கோர், தண்ணீரால் நேர்ந்த பாலை. காடும் மலையுமாக இருந்த குறிஞ்சி, இயல்பு திரிந்து, தன் மக்களைப் பிரிந்து, பட்ட மரங்களோடு நிற்கிறது.

இதை முழுக்கப் பொருத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் இடிக்கிறது. சங்கப் பாலை தற்காலிகம். வேனில் முடிந்து மழை வந்தால் முல்லை மறுபடி முல்லையாகிவிடும். தலைவனும் திரும்பி வருவான், அல்லது வருவான் என்ற நம்பிக்கையாவது இருக்கும். அணைக்கு அப்படிக் கார்காலம் கிடையாது. மழை வந்தால் இங்கே பாலை இன்னும் ஆழமாகும். ஆகவே பழைய இலக்கணம் பாதி தூரம்தான் வருகிறது. மீதி தூரத்துக்கு நம் காலத்து எழுத்துதான் சொல் கண்டுபிடிக்க வேண்டும். 'இயற்கை அன்னையின் மடி' அந்தச் சொல் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தூண்டில்காரர்கள் எதற்காக இந்தப் பாலைக்கு வருகிறார்கள்? அந்தச் செத்த மரங்களுக்காகத்தான். மரக்கட்டைகளின் இடுக்கில்தான் மீன் ஒளியும். செபாராவ், பாஊங், கலோய். ஓடைகள் வந்து சேரும் இடங்களில் கெலா. பூங்காவுக்குள் அதற்குப் பாதுகாப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தோமான். நம் விரால் குடும்பத்தில் பெரிய அண்ணன் அது, ஒரு மீட்டர்வரை வளரும். தோட்டத்தில் நமக்குத் தெரிந்தது அதன் தம்பி ஆருவான். அல்லூரிலும் ஈயக்குட்டையிலும் மண்புழு போட்டுப் பிடித்தது. ஆப்பரேஷன் செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆற ஆருவான் சூப் கொடுப்பார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று வீட்டிலும் இந்த நம்பிக்கை ஒன்றுதான். மாமாவுக்கு மீன் என்றால் சட்டியில் முடியவேண்டும். பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவது என்ற விஷயத்தை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப மீனுக்கு என்னதான் சொல்றாங்க? சும்மா கூப்பிட்டேன்னா?"

தோமான் பிடிக்கும் ஒரு முறையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். இந்த மீனுக்குக் காற்றைக் குடித்தால்தான் உயிர். குஞ்சுகளும் அப்படியே. சிவப்பாக, நூற்றுக்கணக்கில், ஒரு பந்து மாதிரி திரண்டு நீந்தும். மூச்சுவிட மேலே வரும்போது நீர்ப்பரப்பு ஒரு தட்டு அளவுக்குக் கொதிப்பதுபோல் சலசலக்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். தூண்டில்காரர் படகின் இன்ஜினை அணைத்துவிட்டு அந்தச் சலசலப்புக்காகக் காத்திருப்பார். தெரிந்ததும் ரப்பர் தவளையை அதன் நடுவே வீசுவார். காவல் மீன் பாய்ந்து கடிக்கும். பசிக்கு அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அதற்குப் பின் வரும் போராட்டத்தைப் பற்றி எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. மேலே தூக்கியபின் மீனைத் திரும்ப விடுகிறவர்கள் உண்டு. ஆனால் காவல் போன நேரத்தில் குஞ்சுப் பந்துக்கு என்ன ஆகும் என்பது அங்கே இருக்கும் மற்ற மீன்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த முறையை வெறுக்கிற தூண்டில்காரர்களும் இருக்கிறார்கள். விடுதியில் ஒரு ராத்திரி இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்தது, மலாயிலும் ஹொக்கியனிலும். நம் ஆட்கள் இரண்டு பேர் புந்தோங் கச்சான் பூத்தேவைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நான் வாசித்த கட்டுரைகளில் தோமான் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் 'ராட்சச மீன்', 'ஆக்ரோஷமான வேட்டைக்காரன்'. பெற்றவர் பாய்வதை ஆக்ரோஷம் என்று பெயர்வைக்கும் இடத்தில் எழுத்தாளர் தூண்டில்காரரின் படகிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்வைக்கோணம் என்று நாம் கதை விமர்சனத்தில் பேசுவது இதைத்தான். கதையில் மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

தூண்டிலைப் பற்றிய எழுத்து இப்படித்தான் இருக்கவேண்டும் என்று விதி இல்லை. ஹெமிங்வே 1925-இல் வெளியிட்ட தொகுப்பில் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' என்று ஒரு கதை இருக்கிறது. கதையில் நடப்பது இவ்வளவுதான்: நிக் என்ற இளைஞன் ரயிலிலிருந்து இறங்குகிறான், நடந்து போய்க் கூடாரம் போடுகிறான், சாப்பிடுகிறான், அடுத்த நாள் டிரௌட் மீன் பிடிக்கிறான். ஆனால் அவன் இறங்கும் ஊர் எரிந்துபோய்க் கிடக்கிறது. அந்த மண்ணில் வாழும் வெட்டுக்கிளிகள்கூடக் கரியின் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. அவன் போரிலிருந்து வந்தவன். போர் என்ற சொல்லே கதையில் கிடையாது. மீனைத் திரும்ப விடுமுன் கையை நனைத்துக்கொள்கிறான், உலர்ந்த கை பட்டால் அதன் மேல்தோல் கெடும் என்று. சதுப்புப் பகுதிக்குள் போய் மீன் பிடிப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறான். இந்தக் கதை அமைதியைப் பற்றியதுதான், ஆனால் எரிந்த நிலத்தின் மேல் நடந்துபோய்ச் சேர்கிற அமைதி. நம் கட்டுரைகளில் அமைதி ஜெட்டியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னும் நேரான ஒப்புமை அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது, நிஜப் பாலைவனத்தில். கொலராடோ ஆற்றில் கிளென் கான்யன் அணையின் மதகுகளை 1963-இல் மூடினார்கள். அதற்குமுன் அந்த ஆறு செம்மண் கலங்கி, கோடையில் வெதுவெதுப்பாக ஓடும். அணைக்குப் பின்னால் ஏரியின் ஆழத்திலிருந்து சுழலிகள் வழியே வெளியே வரும் தண்ணீரோ பளிங்கு மாதிரி தெளிவு, பனி மாதிரி குளிர். அந்த ஆற்றின் சொந்த மீன்களில் பலவற்றால் அதில் வாழ முடியவில்லை. குளிர்நாட்டு மீனான ரெயின்போ டிரௌட்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அது கொழித்தது. இன்று அணைக்குக் கீழே லீஸ் ஃபெர்ரி, மார்பிள் கான்யன் பக்கம் சிவப்புப் பாறைகளின் அடியில் இருக்கும் எளிய விடுதிகளுக்கு உலகமெங்கிருந்தும் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். பாலைவனத்தில் டிரௌட்! அதிசயம்தான், பொறியியல் செய்த அதிசயம். அந்த நிலத்துக்கு எட்வர்ட் அபி இருந்தார். அணை வருமுன் படகில் போய்ப் பார்த்துவிட்டு, மூழ்கப்போகும் பள்ளத்தாக்கை வளைவு வளைவாக 'டெசர்ட் சாலிட்டேர்' நூலில் (1968) எழுதிவைத்தார். கோபக்காரர், பல இடங்களில் அவரோடு ஒத்துப்போக முடியாது. ஆனால் அந்த விடுதியில் தங்கும் வாசகன், தான் எதன்மேல் தங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு புத்தகமாவது இருக்கிறது.

தமிழில் மூழ்கிய நிலத்தைப் பற்றி நாவல் இல்லாமல் இல்லை. வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களைப் பற்றிய வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003-இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. உணர்ச்சியைக் கொஞ்சம் அதிகமாகவே உரக்கச் சொல்லும் நாவல் என்பது என் கருத்து; இருந்தாலும் அது மூழ்குகிறவன் பக்கம் நின்று எழுதியது. எனக்கு வேண்டியது வேறொன்று. மூழ்கியபின், ஐம்பது வருஷம் கழித்து, அந்தத் தண்ணீரின் மேல் விடுமுறைக்கு வருகிறவன் எழுதவேண்டியது. அவன் இழந்தவன் அல்ல, இந்த ஏரியின் மின்சாரத்தில் வளர்ந்தவன். அந்த இடத்தில் நிற்க நம் எழுத்துக்கு இன்னும் கால் பழகவில்லை.

ஏன் பழகவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சோகம் இருக்குமானால் அது இடப்பெயர்வு. தோட்டம் துண்டாடப்பட்டது, விற்கப்பட்டது, செம்பனை ஆனது, தாமான் ஆனது. கோயிலை உடைத்தார்கள், பள்ளிக்கூடத்தை மாற்றினார்கள். மாமா பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அவரால் இன்னும் அந்தச் செம்பனை வரிசைக்குள் போய், இங்கேதான் பெரட்டுக் களம், இங்கே கிராணி வீடு, இங்கே முனியாண்டி என்று நடந்து காட்ட முடியும். இந்த வலியை எழுதி எழுதி நமக்கு ஒரு மொழியே உண்டாகியிருக்கிறது. அந்த மொழியைக் கையில் வைத்துக்கொண்டு கிரிக்கைத் தாண்டியதும், இன்னொரு சனம் இழந்த இடத்தைப் பார்த்து 'கன்னி நிலம்' என்று எழுதுகிறோம். நம் தோட்டத்தைப் பற்றி யாராவது 'மனிதக் காலடி படாத செம்பனைக் காடு' என்று எழுதினால் இந்த இதழுக்கு எத்தனை மறுப்புக் கடிதம் வரும்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தோட்டங்களும் ஒருகாலத்தில் காடுதான். காட்டை அழித்து ரப்பர் நட்டது நம் முன்னோர்களின் கை. தொரை சொன்னான், கங்காணி விரட்டினான், கடன் இருந்தது, எல்லாம் சரி. ஆனாலும் நட்டது அந்தக் கைதான். அந்தக் காட்டுக்கும் யாரோ ஆட்கள் இருந்திருப்பார்கள். தோட்டத்து நாவல்களில் 'காட்டை வெட்டி நாட்டை உருவாக்கினோம்' என்று பெருமையாகச் சொல்லும் வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வரி பொய் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் 'காடு' காலியாக இருக்கிறது. அன்று அந்தக் காட்டைக் காலியாகப் பார்த்த கண்தான் இன்று தெமெங்கோரில் ஏரியைக் காலியாகப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

யாரையும் விடுதிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் இருவாச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோகும்போது சிறகுச் சத்தம் ஒரு பழைய நீராவி இன்ஜின் மாதிரி கேட்கும்; மலேசியாவில் இருக்கிற பத்து வகை இருவாச்சியும் இந்தக் காட்டில் உண்டு. அதை ரசிக்க யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. நான் கேட்பது எழுத்தைப் பற்றி. விடுதி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்து எழுதுவது விளம்பரம். அதற்கு இலக்கிய இதழின் பக்கம் தேவையில்லை. குறைந்தது கண்ணால் பார்த்ததையாவது எழுதலாம். செத்த மரம், கரையில் நீர்மட்டம் இறங்கிய கோடு, ஜென்செட், படகோட்டி.

படகோட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். கட்டுரைகளில் அவர் 'நம் வழிகாட்டி', பெயரில்லை, பேச்சில்லை, எப்போதும் புன்னகை. இரண்டாவது முறை எங்களுக்குப் படகு ஓட்டியவர் ஜஹாய்க்காரர், மாமா வயசு இருக்கும். திறந்த நீரில் நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து ஓட்டினார். பாறையா, மரமா என்று நான் கேட்டேன். இல்லை, ஆறு இப்படித்தான் போகுது என்றார் மலாயில். எங்கும் ஆறு தெரியவில்லை, நாலு பக்கமும் தட்டையான தண்ணீர்தான். கீழே இருக்கு, என்றார். ஓரிடத்தில் இன்ஜினைக் குறைத்து, இங்கே சின்ன ஆறு வந்து சேரும் என்று கையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னார். கொஞ்ச தூரம் போய், இங்கே டுரியான் மரங்கள் என்றார். மாமா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அதுவரை வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய பசார் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். வீடு எந்தப் பக்கம்? எத்தனை வீடு? டுரியான் யாருது, பொதுவா, தனியா? செத்தவங்கள எங்க வச்சீங்க? படகோட்டி ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னார். தூண்டில் போடும் இடம் வந்தும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. அன்று மத்தியானம்வரை ஒரு மீனும் மாட்டவில்லை, யாரும் போட்டால்தானே.